பைபோலார் ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வருகிறார்: கட்டில், கழிப்பறை, ராத்திரி – எதை முதலில் சரிசெய்வது?

விருப்பாச்சி_வாசி (கேள்வி)

அம்மாவுக்கு வயது 76, எடை 52 கிலோ. வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்து, பைபோலார் (உடைந்த பந்துப் பகுதிக்குப் பதிலாக வைக்கும் உலோக மூட்டு) வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். வார்டுக்குள் வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறார். முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு.

வீடு ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமத்தில். அம்மா படுப்பது கயிற்றுக்கட்டில். கழிப்பறை பின்கட்டில், இந்தியன் டைப், ஏழு அங்குலப் படி இரண்டு இறங்கிப் போகணும். நானும் தங்கையும் மாற்றி மாற்றி இருப்போம், ராத்திரியில் ஒருவர்தான்.

இருபதாயிரம் வரை செலவு செய்ய முடியும். ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்குவதா, ஏர் பெட் வாங்குவதா, பார்த்துக்கொள்ள ஆள் போடுவதா? சித்தி எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் அழைத்து வருகிறேன் என்கிறார். சாப்பாடு கஞ்சி மட்டும்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ_திண்டுக்கல்

நீங்கள் கேட்ட மூன்றுமே முதல் செலவு இல்லை சார். முதல் செலவு கமோடு நாற்காலி. இந்த ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் மறுபடி விழுவது பெரும்பாலும் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான், அதுவும் அவசரமாக எழும்போது. அந்தப் பின்கட்டுக் கழிப்பறையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வாக்கரோடு போகச் சரிவுப் பாதை போடுவதென்றால் ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். உங்கள் இரண்டு படிக்கு 14 அடி ஆகும். கிராமத்து வீட்டில் அதற்கு இடம் ஏது?

மடக்குகிற ஸ்டீல் கமோடு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே கழற்றி எடுக்கிற வாளி, நான்கு காலிலும் ரப்பர் புஷ். இதை வாங்குங்கள். சக்கரம் வைத்தது வேண்டாம். பூட்ட மறந்தால் உட்காரும்போது பின்னால் ஓடும். வாளியில் இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி வைத்தால் கழுவ எளிது. பகலில் மறைப்புக்கு ஒரு புடவையைக் கயிற்றில் போட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கூச்சம் இருந்தால் அடக்கிக்கொள்வார். அடக்கினால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் பின்னாலேயே வரும்.

பிற்பாடு அதே நாற்காலியை வாளியை எடுத்துவிட்டு இந்தியன் பீங்கான் மேலேயே வைக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். வைக்கலாம்தான். ஆனால் நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று நீங்கள் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்த பிறகு வையுங்கள். இரண்டு கால் பாதம் வைக்கும் மேட்டிலும் இரண்டு கால் தரையிலும் நின்றால் ஒருநாள் சாயும்.

அடுத்தது கட்டில். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்ததும் நடுவில் தொய்யும், முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிடும். வைத்த மூட்டு நழுவ அதுதான் தோதான நிலை. மோட்டார் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் தேவையில்லை. சாதாரண மரக்கட்டில், கெட்டியான இலவம் பஞ்சு மெத்தை, உட்கார்ந்து அமுங்கிய பிறகு தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம். அம்மா உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதியணும், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கணும். இதுதான் அளவு, டேப் இரண்டாம்பட்சம். உயரம் போதாவிட்டால் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள், கட்டையில் குழி வெட்டிக் காலை அதற்குள் இறக்கணும். செங்கல் அடுக்காதீர்கள். நாற்காலிக்கும் கமோடுக்கும் இதே கணக்கு.

மூட்டு விஷயம். பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கமாகத் திறந்துதான் பைபோலார் வைப்பார்கள். அப்படியென்றால் மூன்று தடை: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, இடது கால் நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போகக் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. வீட்டு மொழியில் சொன்னால் தரையில் உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, உட்கார்ந்தபடி கீழே விழுந்த கண்ணாடியைக் குனிந்து எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதில்தான் நழுவும். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தொடையிலிருந்து கணுக்கால் வரை தலையணை இருக்கணும். எத்தனை வாரம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லணும். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்று டிஸ்சார்ஜ் அன்று கேட்டு எழுதி வாங்குங்கள். முன்பக்கமாகத் திறந்திருந்தால் தடைகளும் வேறு.

நீவி விடுவது வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது உலோக மூட்டு, அதை எண்ணெய் போட்டு ஒட்டவைக்க ஒன்றும் இல்லை. காலைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் நழுவும். ஆடுசதையில் ரத்தம் உறைந்திருந்து அதை நீவினால் கட்டி நுரையீரலுக்குப் போகும். சித்தியிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

வாக்கர் உயரம்: அம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரணும். முதலில் வாக்கர், பிறகு இடது கால், பிறகு வலது கால். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது முன்பக்கம் கவிழும். இடது காலைச் சற்று முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்து, நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்கணும். உட்காரும்போது காலின் பின்புறம் நாற்காலியில் இடிக்கும் வரை பின்னால் போய், கையைப் பின்னால் வைத்துத் தொட்டுப் பார்த்து உட்காரணும். திரும்பும்போது ஊன்றிய கால்மேல் சுழலக் கூடாது, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைக்கணும்.

கூட நிற்பவர் இடது பக்கம், அரையடி பின்னால். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதைப் பலர் செய்கிறார்கள், தோள்பட்டைதான் கெடும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

சேலை வேண்டாம், கொசுவம் வாக்கர் காலில் சிக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கிற நைட்டி, பின்னால் வார் வைத்த செருப்பு. மிதியடி, சாக்கு, தரையில் ஓடும் ஒயர் எல்லாம் எடுத்துவிடுங்கள்.

படுக்கையில் இருக்கும்போது விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை பாதத்தை மேலும் கீழும் அசைக்கணும். முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மற்றதை நேரில் பார்த்துத்தான் சொல்லணும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) பிசியோதெரபி வீட்டுக்கே வந்து தருகிறார்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வரும் நாளில் நீங்களும் தங்கையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

கரூர்_மைந்தன்

ராத்திரிக்கு டயப்பர் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லையே? எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். ஏர் பெட்டும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர்

கரூர் தம்பி சொல்வது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சரி. இந்த அம்மா எழுந்து நடக்கிறவர், சிறுநீர் வருவதைத் தெரிந்து சொல்கிறவர். அவருக்கு டயப்பர் போட்டால் இரண்டு வாரத்தில் எழும் பழக்கம் போய்விடும், பிறகு டயப்பர் நிரந்தரம். ஈரத்தில் தோல் ஊறிப் புண்ணும் வரும். பயணத்துக்கு மட்டும் போடுங்கள்.

ராத்திரிக்கு வேறு வழி இருக்கிறது. கமோடு நாற்காலி கட்டிலை ஒட்டி, தலைமாட்டுப் பக்கம். பேட்டரி காலிங்பெல் ஒன்று வாங்கி சுவிட்சை அம்மா கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவிட்டு, பெல்லை நீங்கள் படுக்கும் இடத்தில் வையுங்கள். அழைக்காமல் எழக் கூடாது என்று சொன்னால் மட்டும் கேட்கமாட்டார்கள். பிள்ளையை எழுப்பவேண்டாமே என்று நினைப்பார்கள். அதனால் நீங்களே பத்து மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுப்பி உட்காரவையுங்கள். தண்ணீரைப் பகலிலேயே குடிக்க வைத்து, ஏழு மணிக்கு மேல் குறையுங்கள். மொத்தத்தில் குறைத்துவிடக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை இருந்தால் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படுத்தவர் எழுந்ததும் நடக்கக் கூடாது. காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரணும், தலை சுற்றவில்லை என்றால்தான் நிற்பது. ஆபரேஷனில் ரத்தம் போயிருக்கும், பழைய பிரஷர் மாத்திரையும் சேர்ந்து பிரஷரை இறக்கும். படுத்திருக்கும்போது ஒருமுறை, நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏர் பெட் இப்போதைக்கு வேண்டாம். அதன் ஓரம் அமுங்கும், உட்கார்ந்து எழ முடியாமல் வழுக்கும். அம்மா நாளில் பெரும்பகுதி படுத்தே கிடந்தால் மட்டும் யோசியுங்கள். அதற்குப் பதில் குதிகாலைப் பாருங்கள். பலருக்கும் வால் எலும்புப் பகுதி தெரியும், குதிகாலை மறந்துவிடுவார்கள், அதுவும் ஆபரேஷன் ஆன காலின் குதிகாலை. கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் தலையணை கொடுத்து, குதிகால் அந்தரத்தில் தொங்கணும். முழங்காலுக்கு அடியில் மட்டும் மடித்து வைக்காதீர்கள். தினமும் குளிப்பாட்டும்போது குதிகாலையும் வால் எலும்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லையென்றால் புண் ஆரம்பித்துவிட்டது. கருத்த தோலில் சிவப்புத் தெரியாது; அங்கே சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பவுடர் கூடாது, நடுவில் ஓட்டை போட்ட வளையத் தலையணை கூடாது. எடை படாமல் பார்த்தாலே போதும். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள்.

தையல் இருக்கும் இடத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. கட்டு நனையக் கூடாது. தையலோ பின்னோ எடுப்பது பெரும்பாலும் 12 முதல் 14 நாளில். நீர் வடிவது நிற்காமல் போனாலோ, நின்றது மறுபடி ஆரம்பித்தாலோ, சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் 100.4க்கு மேல் போனாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் போங்கள்.

உடனே 108: திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, திடீரென இடுப்பில் கடும் வலி வந்து இடது கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொள்வது, எழுப்பினால் எழாத மயக்கம். ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மெடிக்கல்_ஷாப்

மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் பழைய மாத்திரை டப்பா இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். டெல்மா 40, டெல்மிகைண்ட் 40 இரண்டும் ஒரே டெல்மிசார்ட்டன்தான். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் போட்டால் பிரஷர் விழும், ஆளும் விழுவார். பழைய டப்பாவையும் புதுச் சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ கடையிலோ உட்கார்ந்து, அட்டையில் பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிடுங்கள். நிறுத்தியதை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தந்திருப்பார்கள். அது எந்தத் தேதி வரை என்று சீட்டில் இருக்கணும். இந்த ஆபரேஷனுக்கு 35 நாள் வரைகூடத் தருவது உண்டு. பட்டை தீர்ந்ததும் தீர்ந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஈனாக்சபாரின் நிரப்பிய ஊசி என்றால்: தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்தணும். உள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றாதீர்கள், அது மருந்து முழுதும் இறங்கத்தான் இருக்கிறது. குத்திய இடத்தைத் தேய்த்தால் ரத்தம் கட்டும். இன்று வலம், நாளை இடம்.

அதோடு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தக் கசிவும் வரும், சிறுநீரகமும் கெடும். பாராசிட்டமால் போடலாம். ஆனால் டிரமடால் கலந்த வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது, கூட்டிப் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளில் மொத்தம் 3 கிராம் தாண்டவேண்டாம். எடை 50 கிலோவை ஒட்டி இருப்பதால் டாக்டர் இன்னும் குறைத்துச் சொன்னால் அதுவே கணக்கு. டிரமடால் மலச்சிக்கலையும் தடுமாற்றத்தையும் தரும்.

சர்க்கரை: ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு பாதியாகும், இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ அதே அளவில் போகும். சாப்பிடாத வேளைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சேராது. ஒன்று காலை, ஒன்று ராத்திரி. தைராய்டு மாத்திரை இருந்தால் கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி.

வார்டு_சிஸ்டர்

கஞ்சி விஷயம் விட்டுப்போயிற்று. வெறும் அரிசிக் கஞ்சியில் புரதம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வயிறு நிறையும், சதை கரையும். இப்படி ஆபரேஷனிலிருந்து தேறும் வயதானவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 52 கிலோவுக்கு 62 முதல் 78 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் 100 கிராமில் கிட்டத்தட்ட 20, ஒரு கப் தயிரில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6. மூன்று வேளைக்கும் பிரித்துப் போடுங்கள். கஞ்சிதான் இறங்குகிறது என்றால் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அதில் கலந்து, கூடவே முட்டையை மசித்துக் கொடுங்கள். பல்செட்டை ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்திருப்பார்கள், அதை மறக்காமல் வாங்கி வாருங்கள். பாதிப் பேர் சாப்பிடாததற்குக் காரணம் அதுதான்.

விருப்பாச்சி_வாசி

எல்லோருக்கும் நன்றி. கமோடு நாற்காலி, மரக்கட்டில், பெல் மூன்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி அம்மா யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார், காலையில் சரியாகிவிட்டது. வீட்டிலும் அப்படி வந்தால்? குளிப்பது எப்படி? தையல் எடுக்க 30 கிலோமீட்டர் போகணும், ஆட்டோவா காரா?

வார்டு_சிஸ்டர்

அந்தக் குழப்பத்தை வயசு, மறதி என்று விட்டுவிடாதீர்கள். திடீரென்று வந்து, ஏறி இறங்கி, ராத்திரியில் கூடுவது என்றால் உடம்பில் ஏதோ காரணம் இருக்கிறது: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சோடியம் குறைவு, சர்க்கரை குறைவு, வலி, டிரமடால். மறுபடி வந்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். எத்தனை நாளாக மலம் போகவில்லை, எப்போது சிறுநீர் போனது என்று பாருங்கள். அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை நீங்களாகக் கொடுத்தால் குழப்பம் கூடும், விழுவதும் கூடும். சில பேர் சத்தம் போடாமல் அமைதியாகக் கிடப்பார்கள், சாப்பாடு வேண்டாம், எந்நேரமும் தூக்கம் என்று. அதுவும் இதே குழப்பம்தான், தொந்தரவு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. பகலில் ஜன்னல் திறந்து வெளிச்சம், கண்ணாடி, காது மெஷின், எதிரே பெரிய கடிகாரம், ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு. அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். இது நம் வீடு, நான் இருக்கிறேன் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தையல் எடுக்கும்வரை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதன் பிறகு கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாளியை ஸ்டூல் மேல் வைத்து முழங்கால் உயரத்துக்கு மேலே கொண்டுவாருங்கள், குனியாமல் மொண்டு ஊற்றலாம். குளிக்கும் இடத்துக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். சுவரில் ஒட்டுகிற ரப்பர் கப் கைப்பிடியும் டவல் கம்பியும் ஆள் எடையைத் தாங்காது. சுவரில் துளை போட்டு மாட்டுகிற கம்பிதான் வேண்டும்.

பிசியோ_திண்டுக்கல்

கார்தான். ஆட்டோவில் ஏறும் படி உயரம், சீட் முன்னால் முழங்காலுக்கு இடமில்லை, ரோட்டுக் குழியும் நேராக இடுப்புக்குப் போகும்.

முன் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளி, சாய்மானத்தையும் சாய்த்துவிடுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்று, அதன் மேல் பெரிய பாலித்தீன் கவர். அம்மா காருக்கு முதுகைக் காட்டி நின்று, இடது காலை முன்னால் நீட்டி, சீட்டில் இடுப்பை முதலில் வைக்கணும். பிறகு உடம்பைப் பின்னால் சாய்த்தபடி நகர்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பணும். அந்தக் கவர் வழுக்கிக் கொடுப்பதால் முறுக்காமல் திரும்பும். உட்கார்ந்ததும் கவரை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது சறுக்குவார். கார் மேட்டு ஓரமாக நிற்கவேண்டாம், சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி இறக்கி நான்கு அடி நடக்கவையுங்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பாதத்தை அசைத்துக்கொண்டே வரணும்.

போகும்போது டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எப்போது தொடங்குவது என்று. விழுந்த வேகத்துக்கே இடுப்பு எலும்பு உடைகிறது என்றால் மற்ற எலும்பும் அதே நிலையில்தான் இருக்கும். வாரம் ஒரு மாத்திரையும் உண்டு, வருஷத்துக்கு ஒரு ஊசியும் உண்டு. ஆபரேஷன் நடந்த இடத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, கேட்டால்தான் எழுதுவார்கள்.